புட்டியின் அடியில் உறங்கும் உயிர்

வெளி மாநிலத்தில் புதிதாகக் குடித்தனம் வைக்கும் நம்மவர் வீட்டில் முதல் நாளே எழும் கேள்விகளுள் ஒன்று, உறைமோர் யாரிடம் கேட்பது என்பது. அடுத்த வீட்டு அம்மாளிடம் ஒரு கரண்டி மோர் வாங்கி வந்து வெதுவெதுப்பான பாலில் விட்டுவிட்டால், மறுநாள் முதல் அது நம் வீட்டுத் தயிர். பின்னர் நாள்தோறும் ஒரு கரண்டி எடுத்து வைக்கிறோம். மீண்டும் எவரிடமும் கேட்க வேண்டுவதில்லை. இந்தச் சிறு வழக்கத்தினுள் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. புளிக்கச் செய்யும் பொருள் வெறும் சரக்கு அன்று, அது உயிர். உயிராதலின், ஒரு துளி எஞ்சினாலும் அதன் குலத்தைப் பெருக்கிவிடலாம். இவ்வுண்மையை ஐரோப்பாவில் பீர் காய்ச்சுவோர் எவ்வாறு கையாண்டு வருகின்றனர் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பீர் என்பது முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவை இட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடும் பானம். ஈஸ்ட் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர். அது சர்க்கரையை உண்டு, மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. ஹாலந்து நாட்டு லேவன்ஹூக், தாம் செய்த நுண்பெருக்கியின் வழியே 1680இல் பீரில் மிதக்கும் சிறு உருண்டைகளைக் கண்டார். ஆனால் அவை உயிருள்ளவை என்பதை அவர் அறியவில்லை. 1837ஆம் ஆண்டையொட்டித்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆராய்ந்தோர், அவை அரும்பு விட்டுப் பெருகும் உயிர்கள் என்று கண்டனர். பாஸ்டர் தம் ஆராய்ச்சிகளால் அதனை நிலைநாட்டி, பீரைப் பற்றியே 1876இல் ஒரு நூல் வெளியிட்டார்.

இன்று கடைகளில் விற்கும் பீரில் பெரும்பகுதி வடிகட்டியோ சூடேற்றியோ புட்டியில் அடைக்கப்படுவது. அதில் உயிரில்லை. பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேறொரு பழமையான முறை இன்றும் உண்டு. அங்கே சில ஆலைகள் புட்டியை மூடுமுன் சிறிது சர்க்கரையையும் உயிருள்ள ஈஸ்டையும் உள்ளே விட்டுவிடுகின்றன. மூடிய புட்டிக்குள் பீர் மறுமுறை புளிக்கிறது. வாயு வெளியேற வழியின்றிப் பீரிலேயே கரைந்து நுரையாகிறது. சர்க்கரை தீர்ந்தபின் ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படிந்து உறங்குகிறது. பருகுவோர் அந்த மண்டியைக் கலக்காமல் மெல்ல ஊற்றி, கடைசி ஒரு விரற்கடை அளவைப் புட்டியிலேயே விட்டுவிடுவர். பலர் கொட்டிவிடும் அந்த மண்டியைத்தான் வீட்டில் பீர் காய்ச்சுவோர் செல்வமாகப் போற்றுகின்றனர்.

இதற்குக் காரணம் உண்டு. பீரின் மணமும் சுவையும் பார்லியாலும் நீராலும் மட்டும் அமைவன அல்ல. ஒரே சாற்றை இருவகை ஈஸ்டில் புளிக்க வைத்தால் இரு வேறு பானங்கள் கிடைக்கும். ஒன்றில் கிராம்பின் வாசனை வீசும், மற்றொன்றில் வாழைப்பழத்தின் வாசனை எழும். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. அன்று ரொட்டிக்கு உரிய ஈஸ்ட் எளிதாகக் கிடைத்தது. ஆலைகளின் நல்ல ஈஸ்டோ வீட்டாருக்கு எட்டாப் பொருளாயிருந்தது. ஆனால் உயிருள்ள புட்டி ஒன்றை வாங்கியவர், அந்த ஆலையின் ஈஸ்டையும் உடன் வாங்கியவராகிறார் அல்லவா?

நம் நாட்டில் மது பற்றிய சட்டம் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. பெரும்பாலான மாநிலங்களில் உரிமமின்றி வீட்டில் மது ஆக்குவது குற்றம். ஆகவே, பின்வரும் செய்முறையை அந்நாட்டார் கைக்கொள்ளும் வழி என்ற அளவில் அறிந்துகொள்வோமாக.

முதலில் புட்டியைச் சில நாள் குளிர்ந்த இடத்தில் நேராக நிறுத்தி மண்டியைப் படியவிடுகின்றனர். 100 மில்லி லிட்டர் நீரில் 5 கிராம் மால்ட் சத்துப்பொடியைக் கரைத்துக் கொதிக்கவைத்து, தூய குடுவையில் ஊற்றி மூடி ஆறவிடுகின்றனர். பீரை மெல்ல ஊற்றிய பின், புட்டியின் வாயைச் சாராயத்தால் துடைத்தோ தீயில் காட்டியோ தூய்மை செய்து, அடியில் உள்ள மண்டியைச் சுழற்றிக் குடுவையில் சேர்க்கின்றனர். குடுவையை இறுக மூடலாகாது. வாயு அடைபட்டால் குடுவை வெடிக்கும். சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு முதல் நான்கு நாட்களில் சாறு கலங்கி, மெல்லிய நுரை தோன்றும். அதன்பின் அரை லிட்டர், பின்னர் இரண்டு லிட்டர் எனப் படிப்படியாகச் சாற்றைப் பெருக்குகின்றனர்.

ஏன் இத்தனை படி என்று கேட்கலாம். ஒரு துளி மோரை ஓர் அண்டா பாலில் விட்டால் என்ன ஆகும்? மோர் உறையவைக்கும் முன்னரே பால் கெட்டுவிடும். உறக்கத்திலிருந்து எழும் சில ஈஸ்டுகளைப் பெருஞ்சாற்றில் விட்டாலும் அதே கதிதான். காற்றில் உலவும் பிற கிருமிகள் முந்திக்கொள்ளும். காடியின் நெடியோ அழுகல் நாற்றமோ எழுந்தாலும், மேலே பூசணம் பூத்தாலும், தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

எல்லாப் புட்டியும் இதற்கு ஏற்றதன்று. மதுசாரம் மிகுந்த பீரில் ஈஸ்ட் விரைவில் தளர்ந்து மடியும். வெப்பத்தில் கிடந்த புட்டியிலும் அவ்வாறே. மென்மையானதும் புதியதுமான பீரே நன்று. மற்றொரு ஏமாற்றமும் உண்டு. சில ஆலைகள் காய்ச்சிய ஈஸ்டை வடிகட்டிவிட்டு, புட்டிக்கென வேறொரு ஈஸ்டைச் சேர்க்கின்றன. பெல்ஜியத்தில் ஓர்வால் மடத்துத் துறவிகளின் பீரில், புட்டியில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்டும் சேர்க்கப்படுகிறது. அந்த மண்டியை வளர்ப்பவருக்குக் கிடைப்பது ஒரு கூட்டுக் குடும்பமே அன்றித் தனி ஒருவர் அல்லர்.

இவ்வாறு ஈஸ்டைச் சிறு அளவில் எடுத்துச்சென்று பெருக்கியதால் பிறந்த பேராலைகளும் உண்டு. 1845இல் டென்மார்க்கைச் சேர்ந்த யாகோப்சன், மியூனிக் நகரின் ஸ்பாட்டன் ஆலையில் ஈஸ்டைப் பெற்றுக் கோபன்ஹேகனுக்குக் குதிரை வண்டியில் கொண்டு சென்றார். வண்டி நின்ற இடந்தோறும் இறங்கி, ஈஸ்ட் வெப்பத்தில் மடியாதபடி குளிர்ந்த நீரால் குளிர்வித்தார் என்பர். அதைக் கொண்டு வளர்ந்ததே கார்ல்ஸ்பெர்க் ஆலை. அங்கேயே 1883இல் ஹான்சன் என்னும் அறிஞர், ஒரே ஓர் ஈஸ்ட் அணுவைத் தனியே பிரித்து வளர்த்துத் தூய வித்தை உண்டாக்கினார். ஆலையார் அதனை மறைத்து வைக்கவில்லை. பிற ஆலைகளுக்கும் வழங்கினர். 2013இல் அவ்வாலையின் பழைய நிலவறையில் கிடைத்த ஒரு புட்டியில் அக்காலத்து ஈஸ்ட் உயிரோடிருப்பதைக் கண்டு, அதனைப் பெருக்கி 2016இல் மீண்டும் பீர் காய்ச்சினர். நூறாண்டுக்கும் மேலாக மண்டி உறங்கியிருந்தது, இறந்துவிடவில்லை.

இவ்வழக்கம் ஐரோப்பாவிற்கு மட்டும் உரியதன்று. டார்ஜீலிங்கிலும் சிக்கிமிலும் வாழும் நம்மவர், சந்தையில் ‘மார்ச்சா’ என்னும் வெண்ணிற மாவு வில்லைகளைக் கண்டிருக்கலாம். தானியத்தைப் புளிக்கவைக்கும் அந்த வில்லையைப் புதிதாகச் செய்யுங்கால், பழைய வில்லையின் பொடியை மேலே தூவுவது அங்குள்ள பெண்டிரின் வழக்கம். கோவாவின் பாவ் ரொட்டியும் கேரளத்தின் ஆப்பமும் கள்ளில் உள்ள ஈஸ்டினால் உப்பியவையே. இங்கிலாந்தின் ரொட்டிக்காரர்களும் ஒரு காலத்தில் பீர் ஆலையின் நுரையை வாங்கிச் சென்றே மாவைப் புளிக்க வைத்தனர்.

வித்து சிறிதாயிருப்பது குறையன்று. அதனைத் தூய்மையாக வைத்தல், வெப்பத்தினின்றும் காத்தல், அவசரமின்றிப் படிப்படியாக வளர்த்தல் ஆகிய மூன்றும் இருந்தால் அது பெருகும். இவற்றில் ஒன்று தவறினும் அழியும். யாகோப்சன் வழிநெடுகிலும் காத்ததும், ஹான்சன் பிரித்து வளர்த்ததும், நம் இல்லத்தரசிகள் இரவுதோறும் ஒரு கரண்டி மோரை எடுத்து வைப்பதும் ஒரே அறிவின்பாற்பட்டவை. நாளை நம் தெருவுக்குப் புதிதாக வரும் குடும்பத்தார் கிண்ணத்துடன் வந்து கதவைத் தட்டுவராயின், அவர்களுக்குக் கொடுக்க நம் வீட்டில் ஒரு கரண்டி மிஞ்சியிருக்கட்டும்.