போர்க்களத்து அடுப்பு பொதுப் பந்திக்கு வரட்டும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் வடிவம்)



இராணுவம் என்னும் சொல் எம் மக்களின் செவிக்கு இனிய சொல்லன்று. அவ்வாறிருக்க, இராணுவம் கழித்து விட்ட பண்டமொன்றைப் பற்றி இன்று நாம் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாம் பேச வந்த பண்டம் துப்பாக்கியன்று, சோறாக்கும் கிடாரம். அதனைச் செய்தவன் எவனாயினும், அதற்கு விலை கொடுத்தவர்கள் வரியிறுத்த குடிமக்களே. ஆகவே படை அதனைக் கழிக்கும்போது அது யார் கைக்குச் செல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமை எந்த நாட்டுக் குடிமகனுக்கும் உண்டு.

1892ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிஸ்லர் பாத்திரத் தொழிலகம் சக்கரங்களின் மேல் ஏற்றிய சமையற் கிடாரத்தை உருவாக்கியது. படை நடந்துகொண்டிருக்கும்போதே உணவு வெந்துகொண்டிருக்கும். மடக்கி வைத்த புகைபோக்கி பீரங்கிக் குழாய் போலத் தோன்றியதால், போர்வீரர் அதற்குக் ‘குலாஷ் பீரங்கி’ என்று பெயரிட்டனர். சுட்டுக் கொல்லும் பீரங்கிகளுக்கிடையே பசியை மட்டுமே கொன்ற பீரங்கி அது ஒன்றுதான்!

அதன் நுட்பம் எளியது. கிடாரத்துக்குள் ஒரு கிடாரம். இரண்டுக்கும் இடையே கிளிசரின் என்னும் திரவம். தண்ணீர் 100 பாகையிற் கொதிக்கும். கிளிசரின் 290 பாகையளவிலேயே கொதிக்கும். ஆகவே நெருப்பின் வேகம் நேரே உணவைத் தாக்காது. வெப்பம் எப்பக்கமும் ஒரே சீராய்ப் பரவும். பருப்பு அடிப்பிடிக்காது. நெருப்பை அணைத்த பின்னும் உணவு நெடுநேரம் சூடாக இருக்கும். 200 லீற்றர் கிடாரத்திலே பொங்கி வழியாதிருக்க 25 லீற்றருக்கு இடம் விட்டாலும், ஆளுக்கு அரை லீற்றராக 350 பேருக்குக் கஞ்சி வார்க்கலாம்.

1990 ஒக்ரோபரில் கிழக்கு ஜேர்மனியின் படை கலைக்கப்பட்டது. மலை போற் குவிந்த அதன் தளபாடங்களுட் சில பிற நாடுகளுக்குச் சென்றன, சில அழிக்கப்பட்டன, சில விற்கப்பட்டன. கள அடுப்பு வண்டிகளைத் தீயணைப்புச் சங்கங்களும் ஊர்க் கழகங்களும் சமையற்காரரும் வாங்கினர். இன்று அந்நாட்டு ஊர்த் திருவிழாக்களிலே அவ்வண்டிகளிற் பட்டாணிக் கஞ்சி காய்ச்சிப் பலருக்கும் வழங்குகின்றனர். வெள்ளம் வந்த வேளையிலும் அத்தகைய அடுப்புகள் உதவுகின்றன.

அமெரிக்காவிலோ இன்னொரு முறையும் உண்டு. அரசு கழித்த வண்டிகளையும் கருவிகளையும் வனத் திணைக்களத்தின் வழியாகக் கிராமத் தீயணைப்புப் படைகளுக்கு இரவலாக அளிக்கின்றனர். பொருள் அரசின் உடைமையாகவே இருக்கும், பயன் ஊருக்கு. இந்த வேறுபாட்டை நம் சட்டத்தரணிகள் கவனிக்க வேண்டும். ஏலத்தில் விற்றாற் பணமுடையவன் வாங்குவான். வாங்கியவன் இரும்பு விலைக்கு உடைத்தும் விற்பான். இரவலாகக் கொடுத்தாற் பொதுப் பொருள் பொதுப் பொருளாகவே நிலைக்கும்.

ஆயினும், பழைய வண்டியை வாங்கிய மறுநாளே உலையேற்றலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. செம்மைப்படுத்தல் பொறுமை வேண்டும் தொழில்.

முதலாவது, கிளிசரின் உறை. அதன் பாதுகாப்பு வால்வு துருப்பிடித்து அடைத்திருந்தாற் சூட்டினால் விரியும் திரவத்துக்குப் போக்கிடமில்லை, உறை வெடிக்கும். உறை வறண்டிருந்தாற் கிடாரமே கருகும். குறைந்த திரவத்துக்கு ஈடாக மோட்டார் வண்டியின் குளிர்நீர்க் கலவையை ஊற்றுவது பெருங் குற்றமாகும். அதிற் பெரும்பாலும் நஞ்சு கலந்திருக்கும். சிறு வெடிப்பு வழியே அது உணவிற் கசியலாம்.

இரண்டாவது, கிடாரத்தின் உட்புறம். செம்புக் கிடாரமாயின் ஈயப் பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தூய வெள்ளீயம் பூசுவிக்க வேண்டும். புளி சேரும் நம் குழம்பு வெறுஞ் செம்பிற் பட்டால் நஞ்சாகும். பழைய வர்ணத்தில் ஈயமும், பழைய வெப்பத் தடுப்பில் அஸ்பெஸ்ரசும் இருக்கக் கூடும். அவற்றை உலரச் சுரண்டித் தூளைச் சுவாசித்தல் ஆகாது.

மூன்றாவது, நெருப்பு. அமெரிக்கப் படையின் பழைய அடுப்புகள் அழுத்தமேற்றிய பெற்றோலில் எரிந்தவை. பின்னரே டீசல் போன்ற எண்ணெயில் எரிபவை வந்தன. பெற்றோல் எரியியிற் சமையல் வாயுவை நேரே இணைக்கலாகாது. வாயுவுக்கென அமைந்த எரியியும், அழுத்தச் சீராக்கியும், சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் கருவியும் வேண்டும். சமையல் வாயு காற்றிலும் கனமானது, பள்ளத்திலே தேங்கும். ஆகவே சிலிண்டரை வெளியே, மேட்டில், நிமிர்த்தி வைக்க வேண்டும். அடைத்த கூடாரத்துள் எந்த அடுப்பையும் எரிக்கக் கூடாது. மணமற்ற நச்சுப் புகை உறங்குவது போலவே உயிரைப் பறித்துவிடும்.

நான்காவது, சக்கரம். ரயரின் பூ தேயாதிருந்தாலும் நாட்பட்ட றப்பர் வெடித்திருக்கும். படை வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ற்று; நம் கார்களுடையது 12. படை வண்டியின் கொளுவி வளையமும் நம் வாகனங்களின் கொளுவியும் ஒன்றல்ல. இவற்றைச் சரிசெய்யாமல் வீதிக்கு இழுத்து வருபவன் பசி தீர்க்கப் போவதில்லை. விபத்தையே கொண்டு வருவான்.

இவை யாவும் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 1964 டிசெம்பரிற் புயல் வடக்கைத் தாக்கியது. 1978 நவெம்பரில் மட்டக்களப்பைப் புயல் சிதைத்தது. 2004 டிசெம்பர் 26இற் கடலே கரையேறி வந்தது. அடுப்பையும் பானையையும் வீட்டையும் இழந்தவனுக்கு உலர்ந்த அரிசி மூட்டையைக் கொடுப்பது பாதி உதவியே. அவனுக்கு அன்றிரவே வேண்டியது வெந்த சோறு. கோயிலிலே ஆயிரம் பேருக்கு அன்னதானம் சமைக்கும் கைகள் நம்மிடம் உண்டு. ஆனால் அக்கைகளின் அடுப்பு ஓரிடத்தில் நிலைத்தது. வெள்ளம் சூழ்ந்த ஊருக்கு அது நடந்து போகாது.

வெளிநாட்டு வண்டிதான் வேண்டுமென்று நாம் வற்புறுத்தவில்லை. அதன் கருத்தை எடுத்துக்கொள்வோம். உழவு இயந்திரப் பெட்டி கமக்காரரிடம் உண்டு. ஒட்டு வேலை தெரிந்த கொல்லர் உண்டு. கணக்கிட்டு வரைந்து கொடுக்கப் பொறியியலாளர் உண்டு. தண்ணீரையும் துப்புரவையும் மேற்பார்க்க வைத்தியர் உண்டு. சமைத்த உணவை 60 பாகைக்குக் குறையாத சூட்டில் வைக்கவேண்டுமென்பதை அவர்களே நமக்குக் கற்பிப்பார்கள். இவர்கள் ஒன்றுகூடாமையே நம் குறை.

ஆனால் வண்டி வந்த பின்னர் எழும் கேள்விகளை இன்றே தீர்த்துக்கொள்ளல் வேண்டும். திறப்பு யார் கையில்? கணக்கு யார் பார்வையில்? திருமண வீட்டுக்கு வாடகைக்கு விட்டால் அப்பணம் எந்தப் பெட்டிக்கு? தனியொருவர் பெயரில் பதிந்த வண்டி தேர்தற் காலத்தில் அவர் வீட்டு முற்றத்திலே நிற்கும். புயற் காலத்திலே காணாமற் போகும். ஆகவே அது கூட்டுறவுச் சங்கத்தின் உடைமையாகட்டும். வரவு செலவு சனசமூக நிலையச் சுவரில் ஒட்டப்படட்டும். மாதமொருமுறை உலையேற்றிப் பழகட்டும்.

எல்லாவற்றினும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. அந்தக் கிடாரத்தைக் கிளறுபவர் யார்? அதன் முன் வரிசையில் நிற்பவர் யார்? கொல்லன் ஒட்டிய கிடாரத்திலே கொல்லன் வீட்டார் சமைத்தால் உண்ண மறுப்பவர் நம்முள் ஒருவர் இருப்பினும், நாம் செய்தது அடுப்பன்று, பழைய தீண்டாமைக்குப் புதிய சக்கரமே. அயலார் நம்மைச் சமமாக நடத்தவில்லையென்று மேடைதோறும் முழங்கும் நாம், நம் பந்தியிலே சமத்துவத்தைக் காட்டாவிடின் அம்முழக்கம் எவர் செவியில் ஏறும்?

ஒரே கிடாரம், ஒரே அகப்பை, ஒரே வரிசை. இதற்கு இசையும் ஊர் முதலில் முன்வரட்டும். கமக்காரர் பெட்டியைத் தரட்டும். உத்தியோகத்தர் ஒருநாட் சம்பளத்தைத் தரட்டும். அடுத்த மாரிக்கு முன் அந்த அடுப்பு எரிய வேண்டும்.