எஸ் சார், நோ சார்



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. நான் டெலிபோனைப் பத்திப் பேசப் போறேன்.

இங்கிலீசில் பரீட்சை எழுதித்தான் வங்கியில் கிளார்க் ஆனேன். சேர்ந்த முதல் வாரம் வடக்கே ஒரு கிளையிலிருந்து போன். கட்டட வேலைக்குப் போன பையன் தாய்க்கு அனுப்பிய பணம். அந்தம்மா பெயரின் இனிஷியல் 'எஃப்'பா, 'எஸ்'ஸா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒண்ணும் விளங்கவில்லை. 'எஸ் சார், எஸ் சார்' என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர்கள் 'எஸ்' என்றே எழுதிக்கொண்டார்கள். பணம் ஒரு வாரம் நின்றுபோனது. அந்தம்மா தினமும் கவுண்டருக்கு வந்து நின்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது: பழைய டெலிபோன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். 'எஃப்', 'எஸ்' இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே. இங்கிலீஷ்காரனுக்கும் குழப்பம்தான். அதனால்தான் 'எஃப் ஃபார் ஃபாதர்' என்கிறார்கள். தப்பு என் பிறப்பில் இல்லை, பழக்கத்தில் இருந்தது.

நேரில் பேசினால் கையையும் கண்ணையும் வைத்து ஒப்பேத்திடலாம். போனில் வார்த்தை ஒன்றுதான் துணை. இன்னொன்று, நேரில் எதிராளி நம்ம சட்டையை, நிறத்தை அளந்துவிட்டுத்தான் காது கொடுக்கிறான். போனில், ஊர் பேர் கேட்கிறவரைக்குமாவது, குரல் மட்டும்தான். கூச்சம் பாதியாகக் குறையும்.

தாராவியில் வளர்ந்த சித்தப்பா மகளிடம் ஆரம்பித்தேன். தினம் ராத்திரி பத்து நிமிசம், இங்கிலீசு மட்டும். தங்கச்சி நடுவில் திருத்தமாட்டாள். குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் சொல்வாள். 1983இல் கீத் மோரிஸ் என்ற ஆசிரியர் ஒரு முறை எழுதினார். ஒரே விசயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில் சொல்வது. அதையும் போனிலேயே செய்தேன், மூணு கூட்டாளிகளை வைத்து. மூன்றாவது தடவை நாக்கு தானாகப் புரண்டது. புதுச் சொல் எதுவும் வந்துவிடவில்லை. தெரிந்த சொல் வேளைக்கு வந்து நின்றது.

ஆறு மாசம் கழித்து அதே மாதிரி ஒரு போன். 'எஸ்' தானே என்றது அந்தக் குரல். 'நோ சார். எஃப். எஃப் ஃபார் ஃபாதர்' என்றேன். என் வாழ்க்கையில் ஒரு சாரிடம் நான் சொன்ன முதல் 'நோ' அதுதான்.

மேடைப் பேச்சு போதும் தோழர்களே. கிளம்புறதுக்கு முன்னால பக்கத்துல இருக்கிற மூணு பேர் நம்பரை வாங்கிக்கங்க. இன்னைக்கு ராத்திரியே பேசுங்க. தப்பாவே பேசுங்க.