எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு கட்டளை

(இராயப்பன்பட்டியில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாட்டை விட்டு வெளியேறிய ஒரு தலைவர், ஊரில் இருக்கிற தன் ஆட்களுக்கு அங்கிருந்தே கட்டளை போடலாமா, சட்டம் எந்த இடத்தில் தடுக்கும் என்று பேசச் சொன்னார்கள். நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு.

கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போற நம்ம சனத்துக்கு எல்லைன்னா என்னன்னு தெரியும். செக்போஸ்ட்டைத் தாண்டினால் போலீஸ் வேற, பாஷை வேற. ஆனாலும் அந்தப் பக்கமும் நாம் குடிமக்கள்தான். உரிமை கூடவே வருது. நாட்டு எல்லையைத் தாண்டியவனுக்கு அப்படி இல்லை. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் பேச்சுரிமையும் சங்கம் சேரும் உரிமையும் குடிமக்களுக்கு மட்டுமே. 21ஆவது பிரிவு தரும் உயிருக்கான பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு. சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதாவது, அகதி உயிரோடு இருக்கலாம். பேசுவதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஈழத்தைப் பாருங்கள். 1983 ஜூலைக்குப் பிறகு போராளித் தலைவர்கள் சென்னையில் இருந்தபடியே களத்தை நடத்தினார்கள். வயர்லெஸ் இருந்தது, பயிற்சி முகாமே இருந்தது. டெல்லிக்குத் தெரியாமல் இல்லை. 1985இல் திம்புப் பேச்சுவார்த்தை முறிந்தது. ஆகஸ்டில் பாலசிங்கம், சந்திரகாசன், சத்தியேந்திரா மூவரையும் வெளியேறச் சொல்லி ஆணை வந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. 1986 நவம்பரில், பெங்களூர் சார்க் மாநாட்டையொட்டி, போராளிகளின் ஆயுதங்களைப் போலீஸ் பறித்தது. பிரபாகரனின் வயர்லெஸ் கருவிகளையும் எடுத்துக்கொண்டது. அவர் உண்ணாவிரதம் இருந்தார். கருவிகள் திரும்பி வந்தன. 1987 ஜனவரியில் அவர் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்.

இந்த மூன்று ஆண்டிலும் சட்டம் மாறவில்லை. அரசின் தேவைதான் மாறியது. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டப்படி அகதி எங்கே தங்கணும், யாரோடு பழகக் கூடாது, என்ன செய்யக் கூடாதுன்னு அரசே உத்தரவு போட முடிந்தது. வெளியேற்றும் அதிகாரத்துக்கு வரம்பே இல்லைன்னு 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2025இல் புதுச் சட்டம் வந்தது. அதிகாரம் அரசின் கையிலேயே இருக்கு. அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவும் இல்லை.

விலை கொடுத்தது யார்? 1991இல் ராஜீவ் கொலை, 1992இல் புலிகளுக்குத் தடை. அதன் பிறகு அதே சட்டத்தைக் காட்டித்தான் அகதிகளைச் சிறப்பு முகாமில் அடைத்தார்கள். கட்டளை போட்டவர்கள் அல்ல, படகில் பிள்ளையைத் தூக்கி வந்தவர்கள் சந்தேகத்துக்கு ஆளானார்கள்.

இன்னொரு கதை. பாகிஸ்தானின் எம்.க்யூ.எம். தலைவர் அல்தாஃப் உசேன் 1990களிலிருந்து லண்டனில் இருந்துகொண்டு, கராச்சிக் கூட்டங்களில் டெலிபோனிலேயே பேசினார். 2015இல் லாகூர் உயர்நீதிமன்றம் அவர் பேச்சை ஒளிபரப்பத் தடை போட்டது. 2016 ஆகஸ்ட் 22 அன்று அவர் பேசியதும் தொண்டர்கள் ஊடக அலுவலகத்தைத் தாக்கினார்கள். பயங்கரவாதத்தைத் தூண்டியதாக பிரிட்டன் போட்ட வழக்கில் 2022இல் ஜூரி அவரை விடுவித்தது. கோர்ட்டில் அவர் ஜெயித்தார். ஆனால் பேச்சுக்கு மறுநாளே கராச்சித் தலைவர்கள் லண்டனோடு உறவை அறுத்துக்கொண்டார்கள். பேசினவர் எல்லைக்கு அந்தப் பக்கம். லத்தி விழுந்தது இந்தப் பக்கம்.

இப்போ நம்ம விஷயம். சொந்த நாட்டிலேயே நம் தலைவர்களை மாவட்ட எல்லையில் நிறுத்துகிறார்கள். அன்று 144, 2024 ஜூலை முதல் அது 163. ஆனால் நாம் அகதி அல்ல, 19ஆவது பிரிவு நம் கையில் இருக்கு. தடையுத்தரவை வெளியிடணும், காரணம் எழுதணும், நியாயமான கருத்தை ஒடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2020இல் அனுராதா பாசின் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கு. அதனால் வாய்மொழியாகத் தடுத்தால் எழுத்தில் கேளுங்கள். உத்தரவை வாங்கி உயர்நீதிமன்றம் போங்கள்.

இன்னொன்று. தலைவர் வர முடியாத நாளில் போனில் வரும் கட்டளைக்குச் சேரி காத்திருக்கக் கூடாது. அடி வாங்கப் போகிறவர்கள் கூடி உட்கார்ந்து முடிவெடுக்கணும். தலைவரின் சொல்லை ஆலோசனையாகக் கேட்போம். முடிவு நம் ஊர்க் கமிட்டியுடையது. அப்படிப்பட்ட இயக்கத்தை எந்தச் செக்போஸ்ட்டிலும் நிறுத்த முடியாது.

ஜெய்பீம்.