கேள்வி கணக்கு

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிறந்து வளர்ந்து இங்கே வந்து குடியமர்ந்திருக்கும் என் ஊர்க்காரர்களே,

இஸ்லாத்தின் மறுமை நம்பிக்கை பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். நான் மவ்லவி அல்ல. நுகேகொடையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். சொர்க்கத்தையும் நரகத்தையும் வருணிப்பதை அறிந்தவர்களுக்கு விட்டுவிட்டு, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கும் பொரளை கனத்தை மயானத்திலிருந்து தொடங்குகிறேன்.

2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் அங்கே எரிக்கப்பட்டது. கொவிட் என்றார்கள். பெற்றோர் சம்மதிக்கவில்லை, சம்மதத்தை யாரும் பொருட்படுத்தவும் இல்லை. கொவிட்டால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலிலேயே வர்த்தமானி வந்துவிட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனமோ புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தை எரிக்கப்பட்ட பிறகு மயானத்து வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டப்பட்டன. இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியின் வெள்ளை. கட்டியவர்களில் சிங்களவர்கள் இருந்தார்கள், கிறிஸ்தவ மதகுருமார் இருந்தார்கள்.

அந்த நாட்களில் நல்லெண்ணத்தோடு என்னிடம் பலர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "எரித்துவிட்டால் மறுமையில் எழுப்பப்பட மாட்டார்கள் என்று பயப்படுகிறீர்களா சேர்?" அப்படி ஒரு பயம் எங்கள் மார்க்கத்தில் இல்லை. நபிமொழித் தொகுப்புகளில் ஒரு மனிதனின் கதை வருகிறது. பாவம் செய்த அவன், இறைவனுக்கு முன்னால் நிற்கப் பயந்து, தன் உடலை எரித்துச் சாம்பலைக் காற்றிலும் கடலிலும் தூவிவிடும்படி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுச் சாகிறான். அவர்களும் அப்படியே செய்கிறார்கள். இறைவன் அவனை ஒன்றுசேர்த்து எழுப்பி, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறான். உனக்குப் பயந்துதான் என்கிறான் அவன். மன்னிக்கப்படுகிறான். சாம்பலானவரை எழுப்ப இறைவனுக்கு முடியும் என்பதில் முஸ்லிம்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தக் குழந்தைக்கோ மறுமையில் கேள்வியும் இல்லை, கணக்கும் இல்லை. விவரம் தெரியாத பிள்ளை மேல் பாவம் எழுதப்படுவதில்லை.

அப்படியானால் நாங்கள் ஏன் அழுதோம்? பயம் எங்களைப் பற்றியது. மையித்தை, அதாவது இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, அடக்குவது பர்ளு கிபாயா என்னும் கூட்டுக் கடமை. ஊரில் சிலர் செய்தால் மற்றவர்களின் பொறுப்பும் தீர்ந்தது. ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் பதில் சொல்ல வேண்டும். குளிப்பாட்டும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உடலை மூடியபடியே, துணிக்கு அடியில் கைவிட்டுக் கழுவுவார்கள், உயிருள்ளவருக்குக் கூச்சம் இருப்பது போல. வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒற்றைப்படையில் தண்ணீர் வார்த்து, கடைசி வார்ப்பில் கற்பூரம் கலப்பார்கள். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. அந்த உடலில் பார்த்த குறை எதையும் குளிப்பாட்டியவர் வெளியே சொல்லக் கூடாது. எதிர்த்துக் கேட்க முடியாத ஒருவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் கணக்கில் வரும். தடுக்கப்பட்டவர் மேல் குற்றமில்லை என்று மார்க்கச் சட்டம் சொல்கிறதுதான். அந்தச் சட்டத்தால் மனதை ஆற்ற முடியவில்லை.

மறுமை நம்பிக்கையை நான் புரிந்துகொண்டிருக்கும் விதம் இதுதான். இறந்தவர் எங்கே போவார் என்பதைவிட, இருப்பவர் யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறார் என்பதையே அது அதிகம் கேட்கிறது. எங்கள் ஜனாஸா இறுதித் தொழுகைகளுக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். மையித்தை வைத்த சந்தூக்கு முன்னால் இருக்க, மகனோ சகோதரனோ எழுந்து, "மர்ஹூம் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு. அவர் மனம் நோகப் பேசியிருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சபையில் சொல்வார். கடன் வைத்து இறந்த ஒருவருக்குத் தொழுவிக்க நபிகளார் தயங்கி நின்றதும், அபூ கதாதா என்ற தோழர் அந்தக் கடனை ஏற்ற பிறகே தொழுவித்ததும் பதிவாகியிருக்கின்றன. தொழுகையில், நோன்பில் விட்ட குறை இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலானது. அவன் நாடினால் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த அநியாயத்தை, அநியாயம் செய்யப்பட்டவர் மன்னிக்க வேண்டும். மலையளவு வணக்கத்தோடு வந்தவரின் நன்மைகள் அடிபட்டவருக்கும் ஏசப்பட்டவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டு, அவர் வெறுங்கையராக நிற்பார் என்பது நபிகளாரின் எச்சரிக்கை.

கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு முன்னால் இதைப் பேசிவிட்டு அங்குள்ள கொச்சிக்கடையைப் பேசாமல் இறங்க எனக்கு உரிமையில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. புனித அந்தோனியார் ஆலயத்துக்குள் மனிதக் குண்டாக நுழைந்தவன் மறுமையை நம்பியவன்தான். ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் அன்று 260க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அவன் முஸ்லிமே இல்லை என்று ஒரு வசனத்தில் நாங்கள் கைகழுவிக்கொள்வதை நான் ஏற்பதில்லை. அவன் சேர்ந்திருந்த கூட்டத்தைப் பற்றிப் பாதுகாப்புத் தரப்புக்கு முன்கூட்டியே சொன்ன முஸ்லிம்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என் மரியாதை. வெறுப்புப் பேச்சைக் காதில் வாங்கியும் பேசாதிருந்தவர்களும் இருந்தார்கள். கணக்கை மறந்துவிட்டுக் கூலியை மட்டும் பிடித்துக்கொண்ட மறுமை நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த ஞாயிறு சாட்சி. எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் கைப்பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பதவியில் இருந்தவரையும் இந்த உலகத்திலேயே பெயர் சொல்லிக் கேட்க முடியும் என்று அது காட்டியது.

கொவிட்டால் இறந்தவர்களைப் புதைக்க அனுமதி 2021 பெப்ரவரியில்தான் வந்தது. மார்ச்சிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கினார்கள். கொழும்பில் இறந்தவரையும் கிழக்குவரை கொண்டுபோக வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், வேற்று மதத்தவர்களும் உட்பட. அனுமதி வருவதற்குச் சில வாரம் முன்புதான், பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழ் மக்கள் நடந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகவும் பறிபோகும் காணிகளுக்காகவும் நடந்தவர்கள், எங்கள் ஜனாஸாக்களை எரிக்காதே என்பதையும் தங்கள் கோரிக்கைகளில் சேர்த்துக்கொண்டார்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் தமிழ் ஆயுத இயக்கத்தால் இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட கதையை அறிந்த எனக்கு, அந்த நடைப்பயணம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. அதே 1990இல், ஆகஸ்டில், வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவற்படையினரும் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்கிறார்கள். காத்தான்குடிப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாங்கள் வீரமுனையின் பெயரை உச்சரிப்பதில்லை. அது எங்கள் பக்கத்துப் பாக்கி.

2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. கேட்டது நல்லது. ஆனால் அநியாயம் செய்யப்பட்டவரே மன்னிக்க வேண்டும் என்று நான் சொன்ன சட்டப்படி, சமூகத்தின் பெயரால் அந்த மன்னிப்பைக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. அந்தக் குழந்தையின் தாய் தகப்பனிடம்தான் அது இருக்கிறது. அதேபோல வீரமுனைக்காக நான் இந்த மேடையில் மன்னிப்புக் கேட்டாலும், அதைத் தர இந்தச் சபைக்கு அதிகாரம் கிடையாது. வீரமுனையில் பிறந்தவர்கள், அங்கே ஆட்களை இழந்தவர்கள் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால், சாப்பாட்டு வேளையில் என்னோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். நான் பின்வரிசையில்தான் இருப்பேன்.