சீன நாட்டு இளையோரின் உடலும் மனமும்



பதினாறு வயதுப் பையன் ஒருவன் பசியாறாமல் பள்ளிக்கு வருகிறான்; பாடவேளையில் தூங்கி வழிகிறான்; மறைவாகச் சிகரெட் பிடிக்கிறான். அவனுக்கு நாம் சூட்டும் பெயர் என்ன? சோம்பேறி, கெட்டவன்! வகுப்பில் தூங்கிய சிறுவர்களைத் தோட்டப்பள்ளி ஆசிரியர்களாகிய நாங்களும் அப்படி ஏசியவர்கள்தாம். ஆனால், ஏசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அவன் மனம் எப்படி இருக்கிறது? சீன நாட்டு இளையோரின் நிலையைக் கொண்டு இதைச் சிந்திப்போம்.

அங்கே உயர்கல்விக்கு நுழைவாயில் ஒரு பொதுத் தேர்வு. 2024ஆம் ஆண்டில் அதற்குப் பதிந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் பேர். எதிர்காலமே அந்தத் தேர்வில்தான் என்று பலர் இரவு நெடுநேரம் படிக்கிறார்கள். தூக்கம் குறைகிறது, காலையில் பசியாற நேரமில்லை, விளையாட்டுத் திடல் மறந்துபோகிறது. உடல் சோர்ந்தால் மனம் வாடுகிறது. மனம் வாடினால் உள்ள தூக்கமும் கெடுகிறது. அந்த வாட்டத்தை மறக்கச் சிலர் புகையை நாடுகிறார்கள். சிலர் நள்ளிரவு வரை கைப்பேசியை நாடுகிறார்கள்.

கிராமங்களில் வேறொரு துன்பம். பெற்றோர் பிழைப்புத் தேடித் தொலைதூர நகரங்களுக்குச் செல்ல, பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சோறு உண்டு; மனம்விட்டுப் பேச ஆளில்லை.

சீன அரசு வாளாவிருக்கவில்லை. 2021இல் கல்வி அமைச்சு, தொடக்கப்பள்ளி மாணவருக்கு 10 மணி நேரம், இடைநிலை மாணவருக்கு 9 மணி நேரம், மேல்நிலை மாணவருக்கு 8 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அறிவித்தது. அதே ஆண்டில், 18 வயது நிரம்பாதவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்ற விதியும் வந்தது. விதி மணியைக் கணக்கிடும். பிள்ளையின் முகவாட்டத்தைக் காண வீட்டில் ஒருவர் வேண்டுமல்லவா?

பெற்றோர்களே! எந்த நாட்டுப் பிள்ளையானாலும் பிள்ளை மனம் ஒன்றுதான். "ஏன் தூங்கினாய்?" என்று அதட்டுவதை விட்டு, "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்? மனத்தில் என்ன வருத்தம்?" என்று கேளுங்கள். பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால், விளையாட்டென்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தேர்வு மீண்டும் வரும். பிள்ளை மீண்டும் வருமா? சிந்திப்போம், நேயர்களே.