டாக்டர்களின் விண்ணப்பமும் ருஜுவும்



வெளிநாடு சென்று உத்தியோகம் பார்க்க விரும்பும் இளம் டாக்டர்கள் தங்கள் சுயவிவரத்தை எப்படி எழுதவேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் டாக்டருமல்ல, காலேஜ் படிப்புப் படித்தவருமல்ல. ஆனாலும், யார் எதைச் சொன்னாலும் “அதற்கு ருஜு எங்கே?” என்று கேட்கும் வழக்கம் மாத்திரம் நமக்குண்டு. இங்கிலாந்தில் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர்கள் கேட்பதும் அந்த ஒரு கேள்விதான். ஆதலால் இதைப்பற்றிப் பேச நமக்கும் கொஞ்சம் யோக்கியதை உண்டென்றே எண்ணுகிறோம்.

தோழர்களே! நம்மிடம் கொண்டுவந்து காட்டிய சில சுயவிவரங்களைப் பார்த்தோம். முதல் பக்கம் பூராவும் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், ஜாதி, கலியாணமானவரா ஆகாதவரா என்பது, கூடவே ஒரு போட்டோ! பெண் பார்க்க அனுப்பும் ஜாதகத்துக்கும் வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்துக்கும் நம்மவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. இரண்டாவது பக்கத்தைத் திருப்பினால், “கடுமையாய் உழைப்பவன், நோயாளிகளிடம் அன்புள்ளவன்” என்று தனக்குத் தானே அர்ச்சனை. இங்கிலாந்தில் 2010-ம் வருஷத்துச் சமத்துவச் சட்டப்படி வயது, மதம், கலியாணம் இவைகளைக் கொண்டு உத்தியோகத்தில் வித்தியாசம் பாராட்டக் கூடாது. சர்க்கார் ஆஸ்பத்திரி வேலைகளுக்கு ஆட்களைப் பொறுக்கி எடுப்பவர்கள் கண்ணுக்கு அந்த விவரங்கள் காட்டப்படுவதுமில்லை. அப்படியிருக்க, முதல் பக்கத்தை அதற்கே செலவழிப்பானேன்?

அவர்கள் பார்ப்பது என்ன? ஒவ்வொரு வேலை விளம்பரத்தோடும் “அவசியம் வேண்டியவை”, “இருந்தால் நல்லவை” என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாய் மார்க்குப் போடுகிறார்கள். ஆகவே அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் உங்கள் தாளில் ஒரு பதில் இருக்கவேண்டும். ஒரே விண்ணப்பத்தை 50 ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது, கோவில் கோவிலாய்ப் போய்த் தேங்காய் உடைப்பது போன்ற காரியமேயாகும். தலைப்பிலேயே, ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் பதிவு ஆகிவிட்டதா, பிளாப் பரீக்ஷையில் இரண்டு பாகமும் தேறியாயிற்றா, இங்கிலீஷ் பரீக்ஷையில் மார்க்கு என்ன என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தத்தில் 7.5-ம், நான்கு பிரிவிலும் 7-க்குக் குறையாமலும் இருக்கவேண்டும்.

நிற்க, செய்த வேலையை எப்படி எழுதுவது? இதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். 1847-ல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மெல்வைஸ் என்ற டாக்டர் இருந்தார். பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்ப்பதால்தான் தாய்மார்கள் ஜுரம் கண்டு சாகிறார்கள் என்று கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டுமென்று மே மாதத்தில் உத்தரவு போட்டார். ஏப்ரலில் அவருடைய வார்டில் 100-க்கு 18.3 பேர் செத்தார்கள்; ஜூனில் 2.2 பேர்தான். முன்னே எவ்வளவு, நாம் செய்தது என்ன, பின்னே எவ்வளவு? இந்த மூன்றும் ஒரு வரியில் இருந்தால் அதுதான் ருஜு. இதைத்தான் இன்று ஆடிட் என்கிறார்கள். மாற்றம் செய்தபின் மறுபடியும் எண்ணிப் பார்க்காத ஆடிட் பாதி வேலைதான். ஆனால் அந்தச் செம்மெல்வைஸே இதையெல்லாம் விரிவாய்ப் புத்தகமாக எழுதி வெளியிட்டது 1861-ல்! அதற்குள் 14 வருஷம் போய்விட்டது. செய்தவன் எழுதி வைக்காவிட்டால் உலகம் எப்படி நம்பும்? ஆகவே செய்ததை அன்றன்றே குறித்து வையுங்கள். நோயாளியின் பெயரை மாத்திரம் எழுதாதீர்கள்.

அன்றியும், சிகிச்சைகளைக் குறிக்கும்போது தானே செய்தது எத்தனை, பெரியவர் மேற்பார்வையில் செய்தது எத்தனை, பக்கத்தில் நின்று பார்த்தது எத்தனை என்று பிரித்தெழுதுங்கள். பார்த்ததையெல்லாம் செய்ததாக எழுதுகிறவர் அதிகாரியை ஏமாற்றுவதாய் நினைக்கிறார். நடுராத்திரியில், கூப்பிட வேறு ஆளில்லாத வேளையில், மூச்சுத் திணறிக் கிடக்கும் ஒரு நோயாளியின் முன் அந்தப் பொய் வந்து நிற்கும். அப்போது சாவது யார்? பட்டத்தில் பொய் சொல்லவும் இடமில்லை. 2018 முதல் வெளிநாட்டுப் பட்டங்கள் உண்மைதானா என்று, பட்டம் கொடுத்த யூனிவர்சிட்டியையே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பொய் வெளிப்பட்டால் வேலையோடு வைத்தியம் செய்யும் உரிமையும் போய்விடலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெற்று ஒரு வருஷம் வீட்டிலிருந்ததை ஏதோ குற்றம்போல் மறைத்து, தேதிகளை இழுத்து ஒட்டவைக்கிறார்கள். பிள்ளை பெறுவது வெட்கப்படவேண்டிய காரியமா? இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை குழந்தை வளர்ப்பு, அதற்குள் படித்தது இது என்று ஒரே வரியில் தைரியமாய் எழுதுங்கள். பரீக்ஷைக்குப் படித்த காலத்தையும் அப்படியே எழுதுங்கள். இடைவெளியைவிடக் காரணம் சொல்லாத இடைவெளியே சந்தேகத்தை உண்டாக்கும்.

கடைசியாக, ஒருவர் எல்லாம் எழுதி முடித்து, ராகுகாலம் கழியட்டும் என்று அனுப்பாமல் காத்திருந்தார். போதுமான விண்ணப்பங்கள் வந்துவிட்டால் கெடுவுக்கு முன்பே மூடிவிடுவது அங்கே உண்டு, அப்படியே மூடிவிட்டார்கள். குளிர்காலத்தில் லண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். அவர் பார்த்தது எந்த ஊர் ராகுகாலம்?

ஆகவே தோழர்களே! நகையை அடகு வைத்துப் பரீக்ஷைக்குப் பணம் கட்டிய பெற்றோர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பணத்தை நல்ல நேரமும் சிபார்சும் காப்பாற்றாது. உங்கள் பிள்ளை செய்த வேலையும், அதை உண்மையாய் எழுதிய இரண்டு மூன்று தாள்களுமே காப்பாற்றும். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாமல், விளம்பரப் பட்டியலை எடுத்து வைத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.