தொட்டியில் வளரும் கள்ளியும் கற்றாழையும்



கலவையில் எங்கள் வீட்டுத் தலைவாயிலில் என் பாட்டியார் ஒரு கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதற்கு மண் இல்லை. தண்ணீர் ஊற்றுவாரும் இல்லை. எனினும் அது பல மாதங்கள் பசுமை மாறாதிருந்ததோடு, நுனியை மேல்நோக்கி வளைத்துப் புதிய மடலும் விட்டது. அதே நாள்களில் நான் அழகிய பீங்கான் கிண்ணமொன்றில் கற்றாழைக் கன்றை நட்டு, காலையும் மாலையும் தவறாமல் நீர் வார்த்தேன். ஒரு மாதத்திற்குள் அதன் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. கவனிப்பாரற்ற செடி வாழ, கண்ணுங் கருத்துமாய் வளர்த்த செடி மாண்டதேன்? இவ்வினாவுக்கு நான் தேடிக்கொண்ட விடையே இன்றைய பேச்சு.

விடைக்கான குறிப்பு ஒன்று நம் தென்னாட்டிலிருந்து கிடைத்தது என்பதை அறிந்தால் மகிழ்வீர்கள். ரணகள்ளி என்றொரு செடி உண்டு. இலையைப் பறித்துப் போட்டாலும் அதன் விளிம்பில் கன்றுகள் முளைப்பதால், 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று மக்கள் வேடிக்கையாக அழைப்பர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பெஞ்சமின் ஹேன் என்ற தாவர அறிஞர் இச்செடியின் இலையைச் சுவைத்துப் பார்த்தார். காலையில் புளித்த இலை, நண்பகலில் சுவையற்றுப் போயிற்று. அவர் கண்ட இச்செய்தி 1815-இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது.

காரணம் யாது? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உட்கொள்கின்றன. அப்போது இலையிலுள்ள நீரும் ஆவியாகிப் போகிறது. கள்ளியும் கற்றாழையும் அவ்வாறு செய்வதில்லை. பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் பெற்ற வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் ஒளி வந்ததும் உணவாக்குகின்றன. இலை காலையில் புளிப்பதற்கு இந்த அமிலமே காரணம். நீங்கள் இலையைச் சுவைக்க வேண்டா. அதில் நஞ்சுப் பொருள்கள் உண்டு. விடியற்காலையில் ஓர் இலையையும் மாலையில் ஓர் இலையையும் நசுக்கி, அச்சாற்றைப் பள்ளி ஆய்வுக்கூடத்தின் பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

இவ்வளவு சிக்கனமாக வாழும் செடிக்கு நாம் செய்ய வேண்டியது, அதன் சிக்கனத்திற்கு இடையூறு செய்யாமல் இருப்பதே. அடியில் துளையுள்ள மண்தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். தோட்டமண் ஒரு பங்கு, பருமணலும் செங்கல் நொறுக்குமாக ஒரு பங்கு, மக்கிய எரு சிறிதளவு சேருங்கள். எங்கள் ஊரின் பெயர் கலவை; தொட்டிச் செடிக்கு உயிரும் கலவைதான்! வெட்டியெடுத்த துண்டை உடனே நடாமல், காயம் உலரும்வரை சில நாள் நிழலில் வையுங்கள். கள்ளிப் பால் கண்ணில் படலாகாது. விரலை மண்ணுள் விட்டுப் பார்த்து, அடிவரை உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். ஊற்றும்போது துளைவழி வடியுமளவு ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளை இறவாரத்தின் கீழ் நகர்த்திவிடுங்கள்.

தொட்டியின் புறத்தே வெண்பூச்சுப் படிகிறதா? அது பெரும்பாலும் நீரிலுள்ள உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலைக் கண்டவர்களுக்கு உப்பின் ஆற்றல் நன்கு தெரியும். பச்சைத் தோலில் தூவிய உப்பு, ஈரத்தை இழுத்து, அழுகலைத் தடுக்கிறது. அதே உப்பு மண்ணில் மிகுந்தால் வேருக்குச் சேர வேண்டிய நீரைப் பற்றிக்கொள்கிறது; மண் ஈரமாயிருக்கவே செடி தாகத்தால் வாடும். தோல்களைக் கழுவிய உப்புநீர் பாலாற்றுப் படுகையின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஆனால் உப்பேறிய ஊற்றை மீட்பது தீர்ப்பு எழுதுவதைப் போல் விரைவில் முடிவதன்று. நான் என் தொட்டிகளுக்கு மழைநீரையே சேமித்து வார்க்கிறேன்.

நண்பர்களே, அன்று என் கன்று மாண்டது அன்பு குறைந்ததால் அன்று; அறிவு கலவாத அன்பு மிகுந்ததால். ஒரு குவளை நீரை எப்போது கொடுப்பது, எப்போது கொடாதிருப்பது என்று உங்கள் சன்னல் ஓரத்துச் சிறு தொட்டி உங்களுக்குக் கற்பிக்கட்டும். அதைக் கற்றவர் ஆற்றுநீரையும் அளவறிந்து பேணுவர்.